நீ தரையைப் பார்த்த படங்கள்

தம்பி,

போன வாரம் உன் அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதையோ சொல்லத் தயங்குகிறார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. காபியைக் கையில் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தார். "பய போன் பண்ணியிருந்தான். கல்யாணத்தன்னைக்கு நீ கேமராவத் தூக்கிக்கிட்டு அங்குட்டும் இங்குட்டும் அலைய வேணாம்னு சொன்னான். மாப்பிள்ளைக்கு அம்மாவா வந்து நின்னாப் போதுமாம்." அதை என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொல்லியிருக்கலாம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். நான் கேமராவை எடுத்துவர மாட்டேன், தம்பி. ஆத்தங்குடியில் பெண் வீட்டு நிகழ்ச்சிக்கும் சேர்த்து ஸ்டுடியோ ஜெயந்தியே வருகிறாள், எல்லாம் பேசியாகிவிட்டது. அந்தக் கவலையை விட்டுவிடு. அன்றைக்கே உனக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியதும் கோபமாக வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு இப்போது மறுபடி எழுதுகிறேன். இதை அப்பாவிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை, தபாலில் போடுகிறேன்.

நான் பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் டைப் அடிக்கிறவள். பாகம் பிரிக்க வரும் அண்ணன் தம்பிகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரே பெஞ்சில் தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார்கள். "அவுகளுக்குக் கெணத்துல பங்கு இல்லைன்னு போடுங்கம்மா" என்பார் ஒருவர். "எனக்கு அந்தக் கெணறே வேணாம்னு அவுககிட்டச் சொல்லுங்கம்மா" என்பார் அடுத்தவர். நடுவில் நான் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருப்பேன். நம் வீட்டிலும் அப்படி ஒரு பெஞ்சு வந்துவிட்டது, நடுவில் உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார். உனக்கு வரப்போகிறவளிடம் இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகாதே. கோபம் வந்தால் அவள் முகத்தைப் பார்த்தே கோபப்படு. அது எவ்வளவோ மேல்.

நான் கேமராவைத் தொட்ட கதை உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. நீ பதினொன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் சேர்ந்தாய். அதுவரை வெயிலில் சிமெண்டுத் தரையில் ஆடியவர்கள், கல்லூரியின் உள்ளரங்கத்துக்குப் போனீர்கள். நான் மேலே படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். யார் எதற்காக விசில் ஊதுகிறார்கள் என்று ஒன்றும் புரியாது. சிங்கப்பூரிலிருந்து உன் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த கேமரா பீரோவில் சும்மா கிடந்தது. புரியாத ஆட்டத்தைப் படமாவது எடுப்போமே என்றுதான் கொண்டுபோனேன். முதல் நாள் பிளாஷ் அடித்துவிட்டேன். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராக என் பக்கம் வந்தார். "அம்மா, அந்த லைட்ட அமத்துங்க. பிள்ளைகளுக்குக் கண்ணு கூசுது" என்றார். அரங்கமே திரும்பிப் பார்த்தது. நீ மட்டும் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாய், ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை. வீட்டுக்கு வந்து பார்த்தால் படமெல்லாம் மஞ்சள். தலையில்லாத கால்கள், ஆளில்லாத கைகள், பந்து எதிலுமே இல்லை. ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ம்மா, இது நானா, தூணா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

அதற்கப்புறம்தான் செக்காலையில் ஜெயந்தியின் ஸ்டுடியோவுக்குப் போனேன். கல்யாணப் படம் எடுக்கிறவள், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். "ஹாலுக்குள்ள வெளிச்சம் இருக்குன்னு நம்ம கண்ணுக்குத்தான்க்கா தெரியும். கேமராவுக்கு அது இருட்டு" என்றாள். அகலமாகத் திறக்கிற லென்ஸ் ஒன்றை இரவல் கொடுத்தாள். ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைக்கச் சொன்னாள். அப்படி வைத்தால் படம் புள்ளி புள்ளியாக விழுகிறதே என்று அழாத குறையாகப் போய் நின்றபோது, "விழுந்தா விழட்டும்க்கா. கலங்கிப்போன படத்த என்ன செஞ்சும் தெளிய வைக்க முடியாது. புள்ளியோட இருக்குறது ஒண்ணும் குத்தமில்ல" என்றாள். ஒரே மூச்சில் எடுத்த படங்களில் ஒன்று மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வருவதற்கு என் கை காரணமில்லை, அந்த விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்குவதுதான் காரணம் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. சேலையோடு தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் சுடிதாருக்கு மாறினேன். வளையத்துக்குக் கீழே, எல்லைக்கோட்டுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். மேலே தகரக் கூரையில் புறாக்கள் படபடக்கும். ஒரு தடவை பந்து வந்து அடித்ததில் மூக்குக்கண்ணாடி தெறித்துப் போய் எதிரணிப் பையன் எடுத்துக் கொடுத்தான்.

பந்தைத் துரத்தக் கூடாது என்பதுதான் கடைசியாகப் புரிந்தது. பந்தைப் பார்த்து கேமராவைத் திருப்பினால் எல்லாம் முடிந்த பிறகுதான் படம் விழும். ஆளைப் பார்க்க வேண்டும். யாருடைய தோள் தாழ்கிறது, யார் மூச்சை இழுத்துக்கொள்கிறான், அதைப் பார்த்தால் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும். உன் அசைவெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. இடது பக்கம் வெட்டித் திரும்பப் போகிறாய் என்றால் கீழுதட்டைக் கடிப்பாய். எதிரணிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் என் பையை நீ தோளில் மாட்டிக்கொண்டு, என்னை பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவாய். கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து படம் பொறுக்குவோம். "இது நல்லால்ல, அத வச்சுக்க" என்று நீ சொல்ல, நான் இல்லையென்று வம்பு பண்ண, சோறு ஆறிப்போகிறது என்று அப்பா சத்தம் போடுவார். பிள்ளை வளர வளர அம்மாவுக்கும் அவனுக்கும் பேச்சு குறைந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. கேமரா வந்த பிறகு நீ என்னிடம் பேசியது அதற்கு முன் பேசியதைவிட அதிகம்.

கல்லூரியில் உன் கடைசி வருடம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், சென்னைக்கு வந்து ஆடிக் காட்ட வேண்டும் என்று உனக்குத் தகவல் வந்தது. உன் அப்பா கடைக்கு டயர் மாற்ற வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்புவதற்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தைப் படமெடுக்க உங்கள் பயிற்சியாளர் மாணிக்கம் சார் என்னைக் கூப்பிட்டார். மறுநாள் காலை படங்களைத் திறந்தேன். வழக்கம்போல் நல்லதைத் தனியாக எடுத்துவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீ உயரக் குதித்துப் பந்தைப் பிடித்து இறங்குகிற படங்களை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் உன் வலது கால்தான் முதலில் தரையைத் தொட்டது. இடது கால் தயங்கித் தயங்கி, விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, பிறகு ஊன்றியது. ஊன்றும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. முந்தின வருடத்துப் படங்களைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அவற்றில் இரண்டு கால்களும் ஒன்றாக இறங்கியிருந்தன. அதைவிட உன் முகம்தான் என்னைப் பயமுறுத்தியது. பழைய படங்களில் அந்தரத்தில் இருக்கும்போது பந்தைப் பார்ப்பாய், இல்லாவிட்டால் அதை யாருக்கு வீசலாம் என்று பார்ப்பாய். புதிய படங்களில் பந்து உன் கையில் இருக்கிறது, கண் தரையில் இருக்கிறது. ஒன்றில் மட்டுமில்லை, எல்லாவற்றிலும்.

மத்தியானம் சாப்பிட வந்த உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கால்ல என்னப்பா?"

"ஒண்ணுமில்லையே."

"இதப் பாரு. இத. அப்புறம் இத."

நீ நின்றபடியே பார்த்தாய். பிறகு கையை நீட்டித் திரையை அணைத்தாய். "கோயம்புத்தூர் மேட்ச்ல இருந்தும்மா. வலி பெருசா இல்ல. நழுவுது. உள்ளுக்குள்ள ஏதோ எடம் மாறிப் போற மாதிரி இருக்கு. எப்ப நழுவும்னு சொல்ல முடியல."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அனுப்புவாரா? நீ யார்ட்டயும் சொல்லாதம்மா. இந்த ஒரு செலக்‌ஷன் முடியட்டும். வேலை கெடச்சதும் நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்து வைத்தேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அவன் என்ன சின்னப் பிள்ளையா? அவன் காலு, அவன் வேலை. தெரிஞ்சுதான் போறான். நீ எதுக்கு நடுவுல போற?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மூடினால் அந்தரத்தில் தரையைப் பார்க்கிற உன் முகம்தான் வந்தது. ஆபீஸ் வாசலில் அடித்துக்கொண்டிருந்த கிரயப் பத்திரத்தில் வாங்குகிறவர் பெயரை விற்கிறவர் இடத்தில் போட்டுவிட்டேன். அதைத் திருத்திக் கொடுத்த கையோடு எழுந்து, உன்னிடம் சொல்லாமலே அரங்கத்துக்குப் போய்விட்டேன்.

மாணிக்கம் சார் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார். "தெனம் இவனப் பாக்குறேன்மா. எனக்குத் தெரியலையே" என்றார். அதற்கப்புறம் அவர் சொன்னதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. "இத நீங்க எங்கிட்டக் காட்டாம இருந்திருந்தீகன்னா நான் நிம்மதியா அனுப்பியிருப்பேன். இப்பப் பாத்துட்டேன். பாத்ததுக்கப்புறம் எப்படிம்மா அனுப்புறது?" அவர் உன்னைக் கூப்பிட்டார். நீ ஓடி வந்தாய், சிரித்துக்கொண்டே வந்தாய். அவர் கையில் என் கேமராவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவரை நீ பார்க்கவில்லை, அவரைத் தாண்டி என்னைத்தான் பார்த்தாய். உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாய். இரண்டு கயிற்றையும் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வெளியே போனாய். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு நான் கோவிலூர் பக்கமிருந்து வந்த டவுன் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது தசைநார் பாதி அறுந்திருப்பதாகச் சொன்னார்கள். நீ டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான்: "இத வச்சுக்கிட்டு ஒரு தடவ ஆடிட்டு வரலாமா சார்?" அவர் உண்மையைச் சொன்னார். "சரியா எறங்கினீங்கன்னா ஒண்ணும் ஆகாது. ஒரு தடவ தப்பா எறங்கினா முழுசா அறுந்துரும், மூட்டும் கெட்டுப்போகும். எது நடக்கும்னு நான் சொல்ல முடியாது." அந்த முதல் வாக்கியத்தைத்தான் நீ வீட்டுக்கு எடுத்துவந்தாய். இரண்டாவதை நான் எடுத்துவந்தேன். உன் இடத்தில் போன பையனுக்கு வேலை கிடைத்தது. உனக்கு ஆபரேஷன் நடந்தது. நீ எழுந்து நடந்து மறுபடி குதிக்கத் தொடங்குவதற்குள் அந்த வேலைக்கு உன் வயது தாண்டிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிப் பழகிக்கொண்டிருந்த ஒரு நாள், நான் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தபோது நீ நிறுத்தச் சொன்னாய். "நீ படமே எடுக்காம இருந்திருந்தா நான் இந்நேரம் வேலையில இருந்திருப்பேன்" என்றாய். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நான் எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அதற்குப் பிறகு நீ அதைச் சொன்னதில்லை. வேறு எதையும் சொன்னதில்லை. வர்றேன், சாப்பிட்டேன், சரி, அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நான் செய்தது தப்பு என்று நினைத்தால் எப்போதோ கேட்டிருப்பேன். சரி என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லவும் முடியவில்லை, அதுதான் கஷ்டம். நீ சென்னைக்குப் போய்ச் சரியாக இறங்கியிருந்தால் என்ற நினைப்பு எனக்கும் வராமல் இல்லை. டைப் அடிக்கும்போது வரும், பால் வாங்கப் போகும்போது வரும். அப்படி நடந்திருந்தால் இன்றைக்கு நீ நல்ல வேலையில் இருந்திருப்பாய், நானும் உன்னோடு உட்கார்ந்து படம் பொறுக்கிக்கொண்டிருப்பேன். சரியாக இறங்காமல் போயிருந்தால், எனக்குத் தெரிந்தும் சும்மா இருந்தேன் என்பதோடு காலம் முழுக்க இருந்திருப்பேன். உனக்காக வாயைத் திறந்தேனா, அந்தப் பாரம் தாங்காமல் எனக்காகத் திறந்தேனா என்று கேட்டால், இரண்டும்தான். ஒருவரை உற்றுப் பார்க்கப் பழகினால் அவர் மறைப்பதும் கண்ணில் பட்டுவிடும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தம்பி. அந்த வழியில் நான் தட்டுத்தடுமாறித்தான் போனேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காலையில் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். நல்ல உயரம், தோளில் விளையாட்டுப் பை. "அம்மா, என் பேரு பவித்ரா. தேவகோட்டைல சார்கிட்டப் படிக்கிறேன். சார்தான் உங்களப் பாக்கச் சொன்னாக" என்றாள். நீ அங்கே விளையாட்டு ஆசிரியராக இருக்கிறாய் என்பதைத் தவிர, உன்னிடம் யார் ஆடுகிறார்கள், எப்படி ஆடுகிறார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. நீ சொன்னதில்லை. "என்னத்துக்கும்மா அனுப்பினாக?" என்று கேட்டேன். "நான் குதிக்கிறத நீங்க படம் எடுக்கணும்னு சொன்னாக. தான் சொன்னா நான் நம்ப மாட்டேனாம். அவுக அம்மா எடுத்த படத்தப் பாத்தா நம்புவேனாம்." அவளுக்கு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மாணிக்கம் சாருக்குப் போன் செய்து அரங்கத்தைத் திறக்கச் சொன்னேன்.

அவள் குதித்தாள், நான் எடுத்தேன். நன்றாகக் குதிக்கிறாள், உன்னைவிட நன்றாக. கேமராவின் பின்பக்கத்திலேயே படங்களைக் காட்டினேன். அவளே பார்த்தாள், அவளே முழங்காலைக் கையால் பொத்திக்கொண்டாள். "மாநில டீமுக்கு எடுக்கப் போறாகம்மா. அது முடியிற வரைக்கும் எங்க அம்மாட்டச் சொல்லாம இருப்பீகளா?" என்று கேட்டாள். அவளை உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து உனக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாய்.

"எடுத்தியாம்மா?"

"எடுத்தேன். நீ நெனச்சதுதான்."

நானே தொடர்ந்து, "அவ அம்மாட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். நான் சொல்லிக்கிறேன். நீ ஒரு தடவ சொன்னது போதும்."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் குத்துவதற்காகச் சொன்னாயா, என் பாரத்தை வாங்கிக்கொள்வதற்காகச் சொன்னாயா? கேட்பதற்குள் நீயே பேசினாய்.

"சொன்னதுக்கப்புறம் அந்தப் பிள்ளை எங்கூடப் பேசாதுல்ல?"

"பேசாதுப்பா."

"எத்தன நாளைக்கு?"

நான் கணக்குச் சொல்வேன் என்று காத்திருந்துவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். நேற்றுப் பவித்ராவின் அம்மா என்னைக் கூப்பிட்டார். நீ வீட்டுக்கே போய்ச் சொன்னாயாம். "பிள்ளை ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. எவ்வளவோ கூப்பிட்டும் தெறக்கல. சாரு உக்காரவே இல்லம்மா. கதவுக்கு வெளியிலயே ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு, சொல்லிக்காமப் போயிட்டாக" என்றார். தன் மகளைப் பற்றிச் சொல்லும்போது அழாதவர், நீ நின்றதைச் சொல்லும்போது அழுதார்.

அந்தக் கதவு எப்போது திறக்கும் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தெரியாது. திறக்குமா என்பதே தெரியாது. ஆனாலும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பள்ளிக்கூடம் விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போ. கல்யாண வேலை கிடக்கிறது என்று தள்ளிப் போடாதே. உள்ளேயிருந்து சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை. மறுநாளும் போய் நில், தம்பி.

அம்மா